கட்டு உடைக்கும் காலை

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து சற்று உள்ளே, பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் படிக்கட்டை ஒட்டித் தரப்பாள் விரித்துப் பாவித்த உடுப்பு விற்கும் கிண்ணியா நானா ஒருவரிடம்தான் ஆறேழு வருடங்களாக என் உடுப்புகளில் பாதியை வாங்குகிறேன். கொழும்பிலிருந்து அவருக்கு வரும் கட்டு, இறுக்கி அழுத்தி நைலோன் பட்டி போட்டுக் கட்டியதாக, நெல் மூட்டையைப்போலக் கனத்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. 'ஆண்கள் சேர்ட்', 'பெண்கள் மேற்சட்டை' என்று வெளியே எழுதியிருப்பதை நம்பிப் பணத்தைக் கட்டி எடுத்து வருகிறார். பட்டியை வெட்டிக் கட்டு உடைக்கும்போதுதான், அந்தக் கிழமை அவருக்கு இலாபமா நட்டமா என்பது தெரியவரும். கானாவின் தலைநகரான அக்ராவிலுள்ள கந்தமாந்தோ சந்தையிலும் வியாபாரிகள் ஏறத்தாழ 55 கிலோ நிறையுள்ள கட்டுகளை இப்படி உள்ளே பாராமல்தான் வாங்குகிறார்கள். அங்குள்ள மக்கள் அந்த உடுப்புகளுக்கு வைத்திருக்கும் பெயருக்கு, 'செத்த வெள்ளைக்காரரின் உடுப்பு' என்று பொருள்.

இந்தக் கட்டு வியாபாரத்தின் நெளிவுசுழிவு தெரிந்தால்தான் விலையும் விளங்கும். கழிவாகப் போகும் உடுப்பின் விலையையும் நல்ல உடுப்பின் தலையிலேயே அவர் ஏற்றியாக வேண்டும். ஆகவே நல்ல சேர்ட் ஒன்றுக்கு அவர் எழுநூறு ரூபாய் கேட்கும்போது நான் நூறு ரூபாய்க்காக மல்லுக்கட்டுவதில்லை. ஆனால் கைக்குழியில் துணி மெலிந்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டினால், ஒரு வார்த்தை பேசாமல் அவரே பாதியாக்கிவிடுவார். முதல் நாள் அவர் எனக்குச் சொன்னது இன்றுவரை என் ஒரே விதியாக இருக்கிறது: "டீச்சர், வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு எடுங்க. பொறகு என்னைப் பேசாதீங்க."

பாவித்த உடுப்பு வாங்குவதை எங்கள் ஊரில் வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கூச்சம் இருக்கிறது. பிறர் உடுத்துக் களைந்ததை உடுப்பது தரித்திரம் என்ற பழைய எண்ணம் அதற்கு ஒரு காரணம்; என்னளவில் அதைவிட நெருக்கமான இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு, முகாமாக மாறிய பாடசாலை ஒன்றுக்கு அம்மாவோடு நானும் உதவிக்குப் போயிருந்தேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. வகுப்பறை ஒன்றின் சுவர் உயரத்துக்கு நிவாரண உடுப்பு குவிந்து கிடந்தது. உள்ளே பஞ்சு வைத்த பனிக்காலக் கோட்டுகள், குதி உயர்ந்த ஒற்றைச் செருப்புகள், முழுநீளக் கம்பளி உடைகள் என்று, இந்த வெக்கையில் எவரும் ஒரு மணி நேரம்கூடப் போட முடியாத பொருள்களே அதில் பாதி. வீடு வாசல் இழந்து நின்ற ஒரு பெண், அந்தக் குவியலுக்குள் கையை விட்டுக் கிளறிக் கிளறி ஒரு பருத்திச் சட்டையைத் தேடியதை நான் பார்த்தேன். கொடுத்தவர்களின் மனது நல்லதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தெரிவு செய்யும் உரிமை இல்லாமல் வாங்கும் உடுப்பு எவ்வளவு கனக்கும் என்பதை அன்றைக்கு அறிந்துகொண்டேன். 2022 பொருளாதார நெருக்கடியில் புடவைக்கடை விலைகள் எங்கள் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனபோது, எங்கள் ஆசிரியர் அறையில் இந்தக் கூச்சம் வெகு வேகமாகக் கரைந்துபோனதையும் சொல்ல வேண்டும். எனக்கு முன்பே அது கரைந்திருந்தது, ஏனென்றால் தரப்பாளின் முன் குந்தியிருந்து நானே பார்த்து, நானே தள்ளி, நானே எடுக்கிறேன்.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? பெரும்பாலானோர் முதலில் கழுத்தைப் புரட்டிப் பிராண்டின் பெயரைப் படிக்கிறார்கள். நான் கடைசியாகப் படிப்பது அதைத்தான். சேர்ட் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கைக்குழியை உட்புறமாகத் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறேன். வியர்வையும் வாசனைப் பூச்சும் சேர்ந்து பல வருடங்களாக ஊறிய இடம் அது. மஞ்சள் படிந்து துணி அட்டைபோல விறைத்திருந்தால் எந்தச் சவர்க்காரமும் அதை மீட்காது. அடுத்து இரு தோள்களுக்கும் நடுவிலுள்ள முதுகுப் பகுதி. அங்கே மற்ற இடங்களைவிட வெளிச்சம் அதிகமாக ஊடுருவினால், அந்தத் துணி தன் வாழ்நாளை முடித்துவிட்டது என்று பொருள், இன்னும் நாலைந்து தோய்ப்பில் கிழியும். ஜீன்ஸ் என்றால் இரு தொடைகளும் உரசும் இடத்தைப் பார்க்க வேண்டும். இவற்றோடு ஒப்பிட்டால் தேய்ந்த கொலர் ஒரு குறையே அல்ல. பழைய தையற்காரர்கள் கொலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்துவிடுவார்கள், உட்புறம் தேயாமல் புதிதாகவே இருக்கும். எங்கள் வீதித் தையல் அண்ணை இன்றைக்கும் அதைச் செய்து தருகிறார். கழன்ற தெறி, அவிழ்ந்த மடிப்புத் தையல் முதலியவை விலையைக் குறைக்கக் கிடைத்த வசதிகளே.

தையலோரத்தையும் பார்ப்பேன். பழைய உடுப்புகளில் தையலுக்கு உள்ளே முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று துணி விட்டிருப்பார்கள், பிரித்துப் பெருப்பிக்கலாம். இப்போதைய மலிவு உடுப்பில் அந்த ஓரம் கால் அங்குலத்தோடு முடிந்து, மூன்று நூல் பின்னலால் வெட்டி மூடப்பட்டிருக்கும். சிறுப்பிக்கலாமே தவிரப் பெருப்பிக்க வழியில்லை. உடுப்பில் போட்டிருக்கும் அளவு எண்ணையும் நம்பக் கூடாது. பெண்களின் உடுப்பு அளவுக்கு அமெரிக்கா 1958இல் ஒரு பொது நியமம் வெளியிட்டது. அது 1983இல் கைவிடப்பட்டது. வாங்குபவரின் மனம் குளிர, அதே எண்ணுக்கு உடுப்பு நிறுவனங்கள் காலப்போக்கில் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போயின. ஆகவே பழைய 12 இன்றைய 12ஐவிட நன்றாகவே சிறியது. எனக்கு அளவாக இருக்கும் ஒரு மேற்சட்டையை மேசையில் விரித்து, ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழிவரை அளந்து வந்த பத்தொன்பதரை அங்குலம் என்ற எண் என் நினைவில் இருக்கிறது; என் பையில் எப்போதும் ஓர் அளவு நாடாவும் இருக்கிறது. உடுத்திப் பார்க்க இடமில்லாத தெருவோரத்தில் இந்த இரண்டும் போதும்.

எங்கள் ஊர்க் காற்றைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். வாங்கும் விடயத்தில் நான் விட்ட பெரிய பிழைகள் எல்லாம் இதை மறந்ததால் வந்தவையே. குளிர் நாட்டில் இருபது வருடம் அலுமாரியில் கிடந்து பழுதாகாத பொருள், மாரி முழுவதும் ஈரமும் கோடை முழுவதும் வெக்கையும் உப்புமாக இருக்கும் ஒரு துறைமுக நகரத்துக்கு வந்து ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும். ரொறன்ரோவிலிருந்து மாமி ஒருவர் கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பிய கறுப்புத் தோல் ஜக்கெட், பார்வைக்குப் புதியது. மார்கழி மழை முடிந்து எடுத்தபோது வெங்காயத் தோல்போலப் படலம் படலமாக உரிந்து கையில் ஒட்டியது. அது தோலே அல்ல, துணியின் மேல் பூசிய பொலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளைப் பிளக்கும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த வழியில்லை. பழைய காலணிகளின் பஞ்சடி நொறுங்குவதும் இதே காரணத்தால்தான். ஆகவே செயற்கைத் தோலாலான பை, ஜக்கெட், காலணி எதையும் நான் பாவித்ததாக வாங்குவதில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும். இழுபடும் நூல் கலந்த ஜீன்ஸும் அப்படித்தான்: அந்த இறப்பர்த் தன்மையுள்ள இழை வெப்பத்திலும் வியர்வையிலும் செத்துவிடும். துணியை இரு கையாலும் அகல இழுத்துவிட்டால் அது திரும்பிச் சுருங்க வேண்டும். அலை அலையாக நின்றால் வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். உலோகச் சிப்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டலாம். பல் விழுந்திருந்தால் புதுச் சிப்பின் விலையையும் தையற்கூலியையும் உடுப்பின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே தீர்மானிப்பேன்.

பழைய உடுப்புக்கும் 'விண்டேஜ்' என்று விற்கப்படும் உடுப்புக்கும் இடையே விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இருபது வருடத்துக்கு மேற்பட்டதை விண்டேஜ் என்பது வழக்கம். அந்தச் சொல்லே திராட்சை அறுவடையிலிருந்து வைனுக்குப் போய், அங்கிருந்து உடுப்புக்கு வந்தது. வயதுக்காகக் காசு கொடுப்பதென்றால் வயதைச் சரிபார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு லேபலே பிறப்புச் சான்றிதழ். சிலோனில் தயாரிக்கப்பட்டது என்று இருந்தால், பெரும்பாலும் 1972 மே மாதத்தில் நாடு குடியரசாகிப் பெயர் மாறுவதற்கு முற்பட்டது. மேற்கு ஜேர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. துவைக்கும் முறையைச் சொல்லும் நிரந்தர லேபலை அமெரிக்கா 1972இல் கட்டாயமாக்கியது. அமெரிக்க உடுப்பில் அது இல்லாவிட்டால் அதற்கு முந்தியதாக இருக்கலாம், அல்லது யாரோ கழுத்து அரிக்கிறது என்று வெட்டியிருக்கலாம். லீவைஸ் ஜீன்ஸின் பின் சட்டைப்பையில் தெரியும் சிவப்புப் பட்டியில் 1971க்கு முன் ஐந்து ஆங்கில எழுத்துகளும் பெரிய எழுத்துகளாகவே இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டு நான் எத்தனையோ சிவப்புப் பட்டிகளைப் புரட்டிவிட்டேன். திருகோணமலைத் தரப்பாளில் அப்படி ஒன்று எனக்கு இன்னும் அகப்படவில்லை. அகப்பட்டாலும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிறுவனமே பழைய மாதிரிகளை மறுபடி தயாரித்து அதே எழுத்தோடு விற்கிறது. ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது. லேபல், சிப், நூல், வெட்டு எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே அப்படிப் பிறப்புச் சான்றிதழோடு ஒரு காற்சட்டை இருக்கிறது. அம்மப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் டொக்யார்டில் வேலை செய்தவர். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன காலத்தில், கழித்துவிட்ட சாமான்களோடு சாமானாக அவர் வாங்கிய காக்கித் துரில் துணி அரைக்காற்சட்டை அது. இடுப்பின் உட்புறத்தில் மங்கிய கறுப்பு மையில் ஓர் அம்புக்குறி, அதன் கீழே ஒரு வருடம்: 1944. அகன்ற அந்த அம்புக்குறி பிரித்தானிய அரசுச் சொத்தின் அடையாளம். எண்பது வருடம் கடந்தும் துணியில் ஓர் இழை விலகவில்லை. சின்னத்தம்பி அதைப் போட்டுக்கொண்டு உப்புவெளிக் கடற்கரையில் நடந்தபோது, ஒரு வெள்ளைக்காரப் பயணி அதே இடத்தில் விலை கேட்டாராம். அம்மா இன்றுவரை அந்தக் கதையை நம்பவில்லை.

ஏற்றுமதி மீதி என்று விற்கப்படுவது வேறு வகை. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின் பெருகிய ஆடைத் தொழிற்சாலைகள், குறை கண்டு ஒதுக்கியவற்றின் லேபலைக் குறுக்காக வெட்டி வெளியே விடுகின்றன. அது புதிய உடுப்பு. ஏன் ஒதுக்கினார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. உடுப்பின் இரண்டு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து நீளத்தைப் பாருங்கள்.

இனிச் சேலைக்கு வருகிறேன், என் கை சுட்ட இடம் அதுதான். மூன்று வருடங்களுக்கு முன் முகநூலில் ஒருவர் 1970களின் காஞ்சிபுரப் பட்டு, ஒரே ஒரு முறை உடுத்தது என்று போட்டிருந்தார். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாயை வங்கியில் போட்டேன். பொதி வந்தது, நிறம் படத்தைவிட அழகு. கட்டிலில் வைத்து முதல் மடிப்பை விரித்தபோது, காய்ந்த வாழைச்சருகு மிதிபடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மடிப்புக் கோடு நெடுகச் சேலை பிளந்திருந்தது. இரண்டாவது மடிப்பும் அப்படியே. விற்றவருக்கு எழுதினேன், நல்ல நிலையில்தான் அனுப்பினோம் என்று ஒரு பதில் வந்தது, அதன் பின் அந்தப் பக்கமே எனக்குத் தெரியாமல் போனது. அவர் பொய் சொன்னார் என்றுகூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருமுறைதான் உடுத்தியிருப்பார்கள், பிறகு ஐம்பது வருடம் எவரும் விரிக்கவில்லை. பட்டிழை ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்தால் அந்த இடத்தில் முறிந்துபோகும். போதாக்குறைக்குச் சரிகையின் உலோக விளிம்பு பக்கத்துப் பட்டிழையை அறுக்கும். உடுத்தாமல் விட்டதே அந்தச் சேலைக்கு வந்த நோய்.

இப்போது படத்தைப் பார்த்துச் சேலை வாங்குவதென்றால், யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே மடிப்புக் கோடுகளைப் பிடித்து எடுத்த படத்தைக் கேட்கிறேன். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்குவதில்லை. நேரில் என்றால் முழுச் சேலையையும் விரித்து, மடிப்பு ஒவ்வொன்றையும் பெருவிரலால் நீவிப் பார்க்கிறேன். பிறகு மறுபுறத்தைத் திருப்பிக் கரையும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கிறேன்: கோர்வை முறையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நெசவு ஓடங்கள் ஓடி இழைகள் ஒன்றையொன்று பிணைந்திருக்கும். சரிகையில் ஓர் இழை பிசிறி நின்றால் அதைக் கவனியுங்கள். பழைய காஞ்சிபுரச் சரிகையில் செந்நிறப் பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழை சுற்றிப் பொன் முலாம் பூசியிருப்பார்கள். தேய்ந்த இடத்தில் வெள்ளியும் அதன் கீழே சிவப்பும் தெரியும். செம்பு தெரிந்தால் போலிச் சரிகை, கண்ணாடிபோல மினுங்கும் பிளாஸ்ரிக் தெரிந்தால் அதனிலும் கீழ். இன்னொன்று: இந்தியாவின் பட்டு முத்திரைச் சீட்டு 2004இல்தான் வந்தது. அந்தச் சீட்டோடு சேர்த்து 1970களின் சேலை என்று ஒருவர் விற்றால் சிரித்துவிட்டு வரலாம்.

பட்டா என்ற சந்தேகம் தீர, விற்பவரின் அனுமதியோடு தலைப்பு ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவது பழைய வழி. பட்டென்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் நசுங்கித் தூளாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். பருத்தியும் செயற்கைப் பட்டான ரேயோனும் கடதாசிபோல எரியும். கலப்பு நூல் என்றால் இந்தச் சோதனை குழப்பிவிடும். அம்மம்மாவின் நைலெக்ஸ் என்ற செயற்கை இழைச் சேலைக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. பூச்சி தின்னவில்லை, மடிப்பு வெடிக்கவில்லை, நிறம் போகவில்லை, வைகாசி வெயிலில் அதை உடுத்த மட்டும் எவராலும் முடியாது. பணம் கொடுத்து வாங்கியவற்றில் எனக்கு ஏமாற்றமே தராதவை பழைய மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சேலைகள்தாம். எத்தனை தோய்ப்புக் கண்டதோ அத்தனை மென்மை. விற்பவர்களுக்கு அவற்றின் அருமை தெரியாததால் விலையும் குறைவு.

வீட்டுக்குக் கொண்டுவந்த உடுப்பு அலுமாரிக்குள் நேரே போகக் கூடாது. மூட்டைப்பூச்சியின் முட்டை தையலிடுக்கில் இருக்கலாம். பருத்தி என்றால் கொதிநீரில் ஊறவைத்து, கச்சான் காற்றடிக்கும் நாளில் முற்றத்து வெயிலில் இரு புறமும் காய விடுகிறேன். கொதிநீர் தாங்காத பட்டையும் கம்பளியையும் பையில் கட்டி, நன்றாகக் குளிரும் உறைபெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். சமையல் மஞ்சள் பட்ட கறைக்கு அஞ்ச வேண்டாம், வெயிலே அதைத் தின்றுவிடும். இரும்புக் கறளுக்கு எலுமிச்சையும் உப்பும். வெளுப்பாக்கும் குளோரீன் திரவத்தை ஊற்றினால் கறள் இன்னும் ஆழப் பதியும். கறுப்புப் புள்ளியாக வேரோடிய பூஞ்சணத்துக்கு என்னிடம் மருந்தில்லை, அந்தப் புள்ளியும் புழுங்கல் மணமும் உள்ளதைத் தரப்பாளிலேயே விட்டுவிடுவேன். பூச்சி உருண்டையோடு நெடுநாள் இருந்த உடுப்பைக் கைக்குழந்தைக்கு உடுத்தாதீர்கள். ஒரு குறிப்பிட்ட நொதியக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் செங்குருதிக் கலங்களை நப்தலின் சிதைத்துவிடும், அந்தக் குறைபாடு பார்வைக்குத் தெரியாது. என் மகளுக்கு வந்த குழந்தை உடுப்புப் பொதி ஒன்றை வைத்தியர் சொல்லித்தான் திருப்பிக் கட்டினேன். கஞ்சி போட்ட சேலையை அப்படியே மடித்து வைப்பதும் பிழை, வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து.

அந்த அரக்குச் சேலையை நான் எறியவில்லை. தையல் அண்ணை கரையை மட்டும் கழற்றி, ஒரு மருதமுனைச் சேலைக்கு வைத்துத் தந்தார். கூலி ஆயிரத்து இருநூறு. இப்போது என் அலுமாரியில் பழைய பட்டுச் சேலைகள் நான்கு இருக்கின்றன, நான்கும் நேரில் விரித்துப் பார்த்து எடுத்தவை. மாதாமாதம் வரும் போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் அவற்றை வெளியே எடுக்கிறேன். மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விறாந்தையின் அந்தப் பக்கம்வரை பின்னால் நடக்கிறாள். நான் மறுமுனையில் நிற்கிறேன். சென்ற மாதம் நான்காக மடித்திருந்தால் இந்த மாதம் மூன்றாக. பழைய கோடு எங்கே விழுந்திருந்தது என்று அவள் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல, அந்த இடத்தைத் தவிர்த்து மடிக்கிறோம்.